மருமகளைக் கேட்டு வந்த போன்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் போனது துணைக்குத்தான், படிக்கப் போனவள் என் மருமகள். எனக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது, கட்டைவிரல்தான். இதையும் நான் எழுதவில்லை. செல்போனில் மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. பிறகு மருமகள் உட்கார்ந்து, என் பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றித் தருகிறாள். “அத்தை, ஒரு விசயத்தைச் சொல்ல ஆரம்பிச்சா வேற எங்கயோ போயிருதிய” என்று அலுத்துக்கொள்கிறாள். டவுன் பஸ்கூட வழியில் இருக்கிற ஊருக்குள் எல்லாம் நுழைந்து நுழைந்துதானே போகிறது?

சித்திரை மாதம் வெயில் தொடங்கியபோது இது தொடங்கியது. என் மகன் இங்கே ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறான். மில் முன்னைப் போல ஓடவில்லை. சில நாள் ஷிப்டு உண்டு என்பார்கள், வாசல் வரைக்கும் போனால் இல்லை என்பார்கள். திருப்பூரில் இருக்கிற அவன் கூட்டாளி ஒருவன் போன் போட்டு, “குடும்பத்தோட வந்துருலே, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மகன் முடிவு பண்ணிவிட்டான். பேத்திக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீட்டைக் காலி செய்வது, எல்லோரும் திருப்பூர் போவது.

எனக்கு அந்த ஊர் வேண்டாம். ஒருமுறை ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடியில் ஒரு வீடு. குளிக்கிற இடத்துக்கும் சமைக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு ஸ்கிரீன் துணி. கீழே இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே என்று இரண்டு நாளும் அந்த வீட்டு ஜன்னலிலேயே நின்றுவிட்டு வந்தேன். என் முழங்காலுக்கு மாடி ஆகாது. ஆனால் சம்பாதிக்கிறவன் ஒரு முடிவு பண்ணினால் நான் என்ன சொல்ல?

மருமகள் சொன்னாள். அவள் பி.காம் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கடையில் பில் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு வீடுதான்.

“பள்ளிக்கூடம் தெறக்குததுக்குள்ள எனக்கு இங்கனயே ஒரு வேலை கெடச்சா இருப்போம். கெடைக்கலைன்னா நானே மூட்டையக் கட்டுதேன்.”

மகன் அப்போது சோப்பு நுரையோடு முகம் கழுவிக்கொண்டிருந்தான். கண்ணைத் திறக்காமலே கேட்டான். “இம்புட்டு வருசம் சும்மா இருந்தவளுக்கு எவன் வேலை தருவான்?”

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது என்று நினைக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில், பெண்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாள். கம்ப்யூட்டர், இண்டர்நெட்டில் வேலை தேடுவது, நம்மைப் பற்றி நாமே அதில் எழுதிவைப்பது, எல்லாம். வகுப்பு மதியம். மகன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: “அம்மாவயும் கூட்டிட்டுப் போ.” பேத்தி லீவுக்குக் கூமாப்பட்டியில் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். ஆகவே நானும் கிளம்பினேன்.

அந்த மதிய பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சீட்டில் உட்கார்ந்தால் சேலைக்குள் சூடு ஏறும். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் மூச்சு. கிழக்கு மேற்கு பார்த்து நிழல் பக்கமாக உட்காருவோம், பஸ் ஒரு வளைவு திரும்பியதும் வெயில் நம் மடிக்கே வந்துவிடும். இறங்கி நடந்து, அந்த மாடிப்படி ஏறி உட்காரும்போது என் கால் இரண்டும் வீங்கிப்போயிருக்கும். திருப்பூர் மாடிக்குப் பயந்து இந்த மாடியை ஏறுகிறேனே என்று நானே சிரித்துக்கொள்வேன். முதல் நாள்களில் அங்கே நான் செய்த ஒரே வேலை, சுவரில் சாய்ந்து தூங்கியதுதான்.

சொல்லிக்கொடுத்தது கீழே இருக்கிற துணிக்கடை பாய் வீட்டு மருமகள். கிருஷ்ணன்கோவிலில் எஞ்சினியரிங் படித்த பெண். முக்காட்டைச் சரி செய்துகொண்டே பேசும், கோபமே வராது. ஒருநாள் அது என் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது.

“அக்கா, வேலை அனுபவம்னு கேக்குது பாருங்க. என்ன போடலாம்?”

“ஒண்ணும் இல்ல டீச்சர். சும்மாதான் இருக்கேன்.”

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. “ஏட்டி, நீ எப்பட்டி சும்மா இருந்த?”

“அத்தை, இது வேற. இது கம்பெனி வேலை.”

“அந்த மகளிர் குழுவுல கணக்கெல்லாம் பாக்குதது யாரு? பேங்குக்குப் போயி மேனேசர்ட்ட நின்னு பேசுதது யாரு? நீங்க எழுதிக்கோங்க டீச்சர். கூட்டத்துல ரெண்டு பொம்பளைய முடியப் பிடிச்சுக்கிட்டா பிரிச்சு விடுததும் இவதான்.”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. “அந்தக் கடைசி விசயத்தையும் போடலாம் ஆச்சி. ஆபீசுல ரொம்ப தேவைப்படும்.”

அது எப்படியோ அதை இங்கிலீஷில் நாகரிகமாக எழுதிவிட்டது. மருமகள் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். யாரோ ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் படிக்கிற மாதிரி அவள் முகம் இருந்தது.

அடுத்தது போட்டோ. இவள் தனியாக இருக்கிற போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கல்யாண ஆல்பத்தில் பக்கத்தில் அவன் தோள் இருக்கும், மற்றதில் எல்லாம் பேத்தி இருப்பாள். வாட்ஸ்அப்பில் இவள் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தாமரைப் பூ. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான், பூ, குழந்தை, இல்லாவிட்டால் சாமி. முகத்தைப் போட மாட்டோம்.

“அக்கா, தாமரைப் பூவுக்கு யாரும் வேலை குடுக்க மாட்டாங்க” என்றது டீச்சர்.

பின்னால் வெறும் வெள்ளையாக இருக்க வேண்டுமாம். அந்த மாடியில் எந்தச் சுவரும் வெள்ளையாக இல்லை, காரை பெயர்ந்து கிடந்தது. டீச்சர் கீழே போய் மாமனாரிடம் ஒரு புது வேட்டி வாங்கி வந்தது. “விக்கிற வேட்டிம்மா, அழுக்காயிரக் கூடாது” என்று அவர் கீழே இருந்தே கத்தினார். நான் ஒரு பெஞ்சில் ஏறி, மருமகளுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெஞ்சு ஆடுகிறது, கை நடுங்குகிறது.

“ஆச்சி, விரல் தெரியுது, செத்த தள்ளிப் பிடிங்க. அக்கா, சிரிங்க. அம்புட்டு சிரிக்காதீங்க.”

“அவ சிரிக்குத வரைக்கும் நான் இப்படியே நிக்கணுமா?” என்றேன். அதற்குத்தான் அவள் சிரித்தாள். அந்தப் படம்தான் நன்றாக வந்தது. ஓரத்தில் தெரிந்த என் விரலை டீச்சர் ஒரு தேய்ப்பில் அழித்துவிட்டது. அப்படியே மாயமாகப் போய்விட்டது. நான் என் கையைத் தூக்கி ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக, “போன் நம்பர் சொல்லுங்க அக்கா” என்றது.

மருமகள் யோசிக்கவே இல்லை. மகனுடைய நம்பரை ஒப்பித்தாள். சிலிண்டர் பதிவு, ரேஷன், பேத்தி பள்ளிக்கூடம், பேங்கு, எல்லாவற்றிலும் அவன் நம்பர்தான். வெளியாட்களுக்கு வீட்டு ஆம்பளை நம்பரைக் கொடுப்பதுதான் எங்கள் பழக்கம். இவள் நம்பர் அவள் அம்மாவுக்கும், குழுப் பெண்களுக்கும், வீட்டில் எங்களுக்கும்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. டீச்சருக்கு அது யார் நம்பர் என்று எப்படித் தெரியும்? எழுதியாகிவிட்டது. ராஜபாளையத்தைச் சுற்றி வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் எல்லோரும் இனி அதைப் பார்ப்பார்கள் என்றது.

வகுப்பில் எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. அதுவரை செல்போனை நான் தொட்டதே இல்லை. தொட்டால் காசு போய்விடும், எங்கேயோ கூப்பிட்டுவிடும் என்று பயம். டீச்சர் என் விரலைப் பிடித்து, “பச்சைய மேல தள்ளுனா பேசலாம், சிவப்பத் தொட்டா வைக்கலாம், அம்புட்டுதான் ஆச்சி” என்றது. மைக் படத்தையும் காட்டியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மருமகள் போனில் கூமாப்பட்டித் தங்கச்சிக்குப் பேசி அனுப்பினேன். அவள் தென்னந்தோப்பில் நின்று திரும்பப் பேசி அனுப்பினாள். அவள் பேச்சைவிட ஆட்டுக்குட்டி சத்தம்தான் அதிகமாக இருந்தது. அதையே நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன். இந்த வயதில் இப்படி ஒரு விளையாட்டுச் சாமான் கையில் கிடைக்கும் என்று யார் கண்டது?

ஆனால் வேலைக்கு என்று ஒரு போனும் வரவில்லை.

வெயில் முற்றியது. வகுப்பு முடிந்தும் மருமகள் விடவில்லை. டீச்சரைப் பார்க்கப் போவாள், இன்னும் ஏதாவது திருத்துவாள், புதிதாக வந்த வேலைகளுக்கு விண்ணப்பம் போடுவாள். நானும் கூடப் போவேன். “பாத்திருக்காங்க அக்கா, கம்பெனிக்காரங்க உங்கள பாத்திருக்காங்க, காட்டுது” என்று டீச்சர் சொல்லும். பார்த்தவர்கள் ஏன் கூப்பிடவில்லை? திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். என் மூஞ்சி சரியில்லையோ, என் வயது ஏறிவிட்டதோ என்று ஒருநாள் கேட்டாள். நான் என்னமோ சொன்னேன். எனக்கே அலுப்பாக இருந்தது.

வீட்டில் மூட்டை கட்ட ஆரம்பித்தோம். புழங்காத பாத்திரம், விசேஷத்துக்குக் கட்டுகிற துணி, போர்வை எல்லாவற்றையும் ஒரு பழைய சேலையில் போட்டு மகன் முடிச்சுப் போட்டுச் சுவரோரமாக வைத்தான். கிரைண்டரை யாருக்குத் தள்ளிவிடலாம் என்று பேச்சு வந்தது. அடுத்த வாரம் போய்த் திருப்பூரில் வீடு பார்ப்பதாகச் சொன்னான்.

ஒருநாள் காலை, பாமாயில் வந்திருக்கிறது என்று மருமகள் ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். மகன் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து படுத்திருந்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் தலைமாட்டில் போன் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டே எடுத்தான்.

“ஹலோ… யாரு?… அப்படி யாரும் இல்ல. ராங் நம்பர்.”

வைத்துவிட்டுப் புரண்டு படுத்தான். உடனே மறுபடி அடித்தது. அவன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான். அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளை தூக்கம் கெடுகிறதே என்று நான் எழுந்து போய், கீரைக் கையோடு பச்சையை மேலே தள்ளினேன்.

ஓர் ஆம்பளைக் குரல், மருமகள் பெயரைச் சொல்லிக் கேட்டது. அவள் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, முழுசாக. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யார் சொல்லி நான் கேட்டேன்? நான் ஏட்டி என்பேன், அவன் இந்தா என்பான், பேத்தி அம்மா என்பாள். ஒரு நிமிடம் எனக்கே யார் என்று திகைப்பாக இருந்தது.

“எம் மருமவதான்யா. நீங்க யாரு?”

“பேண்டேஜ் துணி கம்பெனியில இருந்து பேசுதோம். வேலைக்குப் போட்டிருந்தாங்க. முன்னயும் கூப்பிட்டோம். ஒரு நேரம் சுவிட்ச் ஆப், ஒரு நேரம் யாரோ ராங் நம்பர்னு வச்சிட்டாரு.”

மில்லுக்குள் போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள். வாசலிலேயே அணைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மற்ற நேரம் இவன் தூங்குவான். எனக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது.

“அது எம் மவன்யா, தூக்கக் கலக்கம். நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க. காலையில சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன் பாட்டி. அவங்க இருக்காங்களா?”

“பாமாயில் வாங்கப் போயிருக்கா. இந்தா வந்துருவா. ரொம்ப பொறுப்பான பிள்ளைய்யா. அந்தப் போட்டோவுக்கு வேட்டியப் பிடிச்சது நான்தான்.”

“பாட்டி, பாட்டி, கேளுங்க. ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுத்தாச்சு. அதுக்குத்தான் முதல்ல கூப்பிட்டது. இப்ப செட்டியார்பட்டி குடோன்ல ஒரு எடம் இருக்கு. சரக்கு வாரது போறது எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். சாயங்காலத்துக்குள்ள இதே நம்பருக்குப் பேசச் சொல்லுங்க. இல்லைன்னா வேற ஆளப் பாத்துருவோம்.”

சிவப்பைத் தொட்டு வைத்துவிட்டு, போர்வையை உருவினேன்.

“ஏலே எந்திரி. பொண்டாட்டி பேரச் சொல்லிக் கேட்டா ராங் நம்பர்னா சொல்லுவ?”

“எவனோ ஒருத்தன் அவ பேரச் சொல்லி, இருக்காளான்னு கேக்குதான். பின்ன என்ன சொல்ல? லோன்காரனா இருக்கும்னு நெனச்சேன்.”

“வேலைக்குக் கூப்பிட்டிருக்கான்லே. எத்தன பேரு கூப்பிட்டான்னு யாருக்குத் தெரியும்?”

அவன் எழுந்து உட்கார்ந்தான். தூக்கம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அவள் பையோடு உள்ளே வந்தாள். நான்தான் சொன்னேன். அவன் சொல்லட்டும் என்று விட்டிருந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். பையை வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் மோந்து நின்றபடி குடித்தாள்.

“இத்தன நாளும் என்னையே நொந்துக்கிட்டு இருந்தேன்” என்றாள் அவனைப் பார்த்து. “எம் மூஞ்சிய, எம் படிப்ப, எல்லாத்தையும். வெயில்ல அத்தைய வேற இழுத்துக்கிட்டு அலைஞ்சேன். ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல, உன்னத் தேடி யாரோ பேசுனான்னு?”

“நம்பரக் குடுத்தது நீ. எங்கிட்ட நீ ஒரு வார்த்த சொன்னியா?” என்றான் அவன். அது நியாயம்தான் என்பது அவளுக்கும் தெரிந்தது. அதனால் இன்னும் சோர்ந்துபோனாள்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். அவன் போனில் நம்பரைப் பார்த்து, தன் போனில் போட்டாள். “சார், வணக்கம்” என்று சொல்லித் தன் பெயரைத் தானே சொன்னாள். அந்தக் குரல் நான் இதுவரை கேட்காத குரல். அவன் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் எந்த நம்பரில் கூப்பிடட்டும் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அன்றைக்கே இண்டர்நெட்டிலும் மாற்றிவிட்டாள்.

மாற்றினதும் லோன்காரர்களும் இன்சூரன்ஸ்காரர்களும் அவளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் “ஹாய் மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இளித்துக்கொண்டு இருந்தான்.

“பாத்தியா, நம்பர ஊருக்கே குடுத்துட்ட” என்றான் மகன்.

“உங்களையும்தான் கண்டவன் கூப்பிடுதான். அதுக்காக மில்லுக்குப் போகாமலா இருந்திய?” சிவப்பைத் தொட்டு வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

செட்டியார்பட்டி குடோனில் அவளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் பார்ப்போம், பிறகு சொல்கிறோம் என்றார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. பேத்தி கூமாப்பட்டியிலிருந்து கறுத்துப்போய் வந்து, இங்கேயே பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மகன் திருப்பூருக்கு வீடு பார்க்கப் போகவில்லை. ஆனால் மூட்டையை அவிழ்க்கவும் விடவில்லை. “ஒரு மாசம் போகட்டும்மா” என்றான். இட்லிச்சட்டி மட்டும் வேண்டும் என்று முடிச்சைத் தளர்த்தி, கையை விட்டுத் துழாவி எடுத்தேன். காலைச் சமையல் இப்போது என் தலையில். முழங்கால் கெஞ்சுகிறது. அவள் சாயங்காலம் தலைமுடி எல்லாம் பஞ்சுத் தும்போடு வந்து, கண் எரிகிறது என்று பேசாமல் படுத்துவிடுகிறாள். ஆபீஸ் வேலையாக இருந்தால் இந்தத் தும்பு இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றும்.

நேற்று வந்ததும் படுக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள். “அத்தை, ஐடி கார்டு போடணுமாம். போட்டோ கேக்காவ.”

“அதான் இருக்கே, என் விரலை அழிச்சது?”

“அதுல ஓரத்துல உங்க விரலோட நெழல் தெரியுதாம். பிரிண்ட் போட்டா அசிங்கமா இருக்காம். வேற எடுக்கச் சொல்லுதாவ.”

வெள்ளை வேட்டிக்கு எங்கே போக? வீட்டில் இருக்கிற நல்ல வேட்டி ஒன்றே ஒன்று, அது மூட்டைக்கு அடியில். நான் மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மூட்டைப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான். பாத்திரமும் போர்வையும் வீடு முழுக்க உருண்டன. வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான்.

“நீ ஒரு பக்கம் பிடிம்மா. நான் ஒரு பக்கம் பிடிக்கேன்.”

அவன் உயரத்துக்கு என் கை எட்டவில்லை. வேட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. “ஏலே, தாழ்த்திப் பிடி” என்றேன். பேத்தி போனை வைத்துக்கொண்டு, “அப்பா, உங்க விரல் தெரியுது” என்று கத்தினாள். மருமகள் முன்னால் நின்று, தும்பைத் தட்டி, தலையைச் சரி செய்தாள். எடுத்ததைப் பார்த்துவிட்டு, இன்னொன்று எடுக்கச் சொன்னாள். எனக்குத் தோள் விட்டுப்போனது. பிடித்துக்கொண்டு நின்றேன்.